256 ஜீபிக்குள்ள அஞ்சு வருசம்

கம்பஸுக்குப் பதிவு தொடங்கும் காலம் வந்தால் எங்களிடம் வரும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, லப்டொப் ஒண்டு எடுக்கோணும், எது நல்லது?" "அக்கா, மூண்டு லட்சத்துக்குள்ள மெல்லிசா, பாரமில்லாம ஒண்டு சொல்லுங்கோ." இந்த "மெல்லிசா" என்ற சொல் எப்போது கேள்விக்குள் வந்து குந்தியது என்று தெரியாது. முந்தி "ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, ராம் எவ்வளவு" என்றுதான் கேட்பார்கள்.

இப்போது கடையில் நடப்பது வேறு. கடைக்காரத் தம்பி லப்டொப்பை ரெண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். நாங்களும் வாங்கித் தூக்கிப் பார்ப்போம். பாரமே இல்லை, வடிவாகவும் இருக்கிறது. பிறகு விலைச் சீட்டைப் பார்ப்போம், கொஞ்சம் பெருமூச்சு விடுவோம். அதே சீட்டின் கீழே சின்ன எழுத்தில் "256 ஜீபி" என்று கிடக்கும். அதை ஒருத்தரும் பெரிதாக எடுப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சின்ன எழுத்தைப் பற்றியது. மெல்லிய லப்டொப் கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்களில் ரெண்டு பேர் அதில்தான் எழுதுகிறார்கள். ஆனால் மெல்லிசு, விலை, உறுதி, சேமிப்பிடம் என்ற நாலையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்கிறோம் என்பதுதான் எங்கட கவலை. அந்தக் காசு கன வீடுகளில் தவணையில் வருகிறது, சில வீடுகளில் அடகுக்கடையில் இருந்து வருகிறது.

கடித உறையில் இருந்து தொடங்கிய கதை

2008 ஜனவரி 15ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு கடித உறைக்குள் இருந்து முதலாவது மக்புக் எயாரை வெளியே எடுத்தார். சபை கைதட்டியது. பாரம் 1.36 கிலோ. மொத்தமான இடத்தில் 19.4 மில்லிமீற்றர், மெல்லிய ஓரத்தில் வெறும் 4 மில்லிமீற்றர். இன்றைக்கு நாங்கள் கடையில் தூக்கிப் பார்க்கும் எல்லா மெல்லிய லப்டொப்புக்கும் அந்த உறைதான் தொட்டில்.

அந்த உறைக்குள் வராத சாமான்களையும் கொஞ்சம் பார்க்க வேணும். சீடி டிரைவ் இல்லை, தனியாக வாங்க வேணும். நெற்வேர்க் கேபிள் குத்த இடமில்லை, அதற்கும் தனி அடப்டர். யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. 2 ஜீபி ராம் மதர்போட்டோடு ஒட்டப்பட்டிருந்தது, கூட்ட முடியாது. விலை 1,799 டொலர், அதற்கு 80 ஜீபி ஹார்ட் டிஸ்க். அசையும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வேணுமென்றால் இன்னொரு 999 டொலர். அப்படிக் கூடக் கொடுத்தால் கிடைத்தது 64 ஜீபி! காசு கூடிச்சு, இடம் குறைஞ்சுது.

அன்றைக்கு எஸ்எஸ்டி புதுசு, அதனால் விலை என்று அதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு பேரம் மட்டும் பிறகும் மாறவில்லை. மெல்லிசுக்காக இடத்தையும், திருத்தும் வசதியையும் விட்டுக்கொடு, அதற்கு மேலதிகமாகக் காசும் கொடு. 2011இல் இன்டெல் "அல்ட்ராபுக்" என்று பெயர் வைத்து விண்டோஸ் கொம்பனிகளையும் அதே ஓட்டத்தில் ஓடவிட்டது. 2010இற்குப் பிறகு வந்த எயார்களில் எஸ்எஸ்டி ஒரு சின்னப் பலகையாக இருந்தது, திருகாணியைக் கழற்றி மாற்றலாம். 2018இல் வந்த புது எயாரில் அதுவும் மதர்போட்டோடு ஒட்டப்பட்டுவிட்டது. அன்று முதல், வாங்கிற அன்றைக்கு எவ்வளவு இடமோ, அந்த மெஷின் சாகும்வரைக்கும் அவ்வளவுதான்.

256 என்றால் எவ்வளவு?

256 ஜீபி என்று எழுதியிருக்கும் லப்டொப்பை விண்டோஸில் திறந்து பார்த்தால் 238 ஜீபி என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு. கொம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. அந்த 238இல் விண்டோஸுக்கும் அதன் அப்டேட்களுக்கும் ஒரு பங்கு போகும். விண்டோஸ் 11 போடக் குறைந்தது 64 ஜீபி சேமிப்பிடம் வேணும் என்று மைக்ரோசொஃப்டே சொல்கிறது. பிறகு நாங்கள் பாவிக்கும் மென்பொருட்கள். பிறகு எஸ்எஸ்டி முழுக்க நிரம்பினால் வேகம் விழும் என்பதால் கொஞ்சம் இடத்தைச் சும்மா விட்டு வைக்க வேணும். மிச்சம்தான் எங்களுக்கு.

கட்டுரை எழுதுகிற, பாடக்குறிப்பு பிடிஎப் வைத்திருக்கிற ஒருவருக்கு அந்த மிச்சம் தாராளம். அதையும் நேர்மையாகச் சொல்ல வேணும். ஆனால் எங்கட வயதில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்? குறும்படம் எடுக்கிறோம், பாட்டு ரெக்கோர்ட் பண்ணுகிறோம், போஸ்டர் செய்கிறோம், கோயில் திருவிழாவில் இருந்து போராட்டப் பந்தல் வரை வீடியோ எடுக்கிறோம். ஐபோனின் கமெரா செட்டிங்கிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 4கே வீடியோ, நொடிக்கு 30 பிரேம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. ஒரு மணித்தியாலத்துக்கு 10 ஜீபி. பத்துப் பேரை ஒவ்வொரு மணித்தியாலம் பேட்டி எடுத்தால் 100 ஜீபி போய்விட்டது. எடிட் பண்ணும்போது உருவாகும் பைல்கள் வேறு.

"கிளவுட்ல போடலாம் தானே" என்பார்கள். கூகிள் சும்மா தருவது 15 ஜீபி, அதுவும் ஈமெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஐகிளவுட் 5 ஜீபி. அதற்கு மேல் மாதாமாதம் கார்ட்டில் வெட்டும். அந்தக் காசு சின்னத்தொகைதான், ஆனால் நிற்பாட்ட முடியாத சின்னத்தொகை. அதோடு 100 ஜீபியை மேலே ஏற்ற டேட்டா வேணும். ஊரில் போன் ஹொட்ஸ்பொட்டில் 2 ஜீபி அனுப்ப விடிய விடிய முழிச்சிருந்த அனுபவம் எங்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

"அப்ப எக்ஸ்டேர்னல் டிஸ்க் வாங்கு" என்பது அடுத்த பதில். வாங்கத்தான் வேணும். ஆனால் அதோடு கேபிள், துளை காணாததால் யூஎஸ்பி ஹப், ஹப்புக்கு ஒரு பை. 2008இல் நடந்த அதே கதை. லப்டொப் மெலிய மெலிய எங்கட பை கொழுக்கிறது.

எந்த விலை உண்மையான விலை?

விளம்பரத்தில் வரும் விலை எப்போதும் ஆகக்குறைந்த சேமிப்பிடம் உள்ளதற்கான விலை. 2024இல் வந்த எம்3 மக்புக் எயார் அமெரிக்காவில் 1,099 டொலர் என்று அறிவிக்கப்பட்டது. அது 256 ஜீபிக்கு. 512 ஜீபி வேணுமென்றால் 1,299. அதாவது 256 ஜீபி கூட்ட 200 டொலர். அதற்கு முந்தின வருடம் கடையில் தனியாக விற்ற 1 டீபி எஸ்எஸ்டிகள் 100 டொலருக்கும் குறைவாகக் கிடைத்தன. நாலு மடங்கு இடம், பாதி விலை. ஒட்டப்பட்டிருப்பதால் எங்களால் வெளியே வாங்கிப் போட முடியாது, அதனால் அவர்கள் சொன்னதுதான் விலை. இது அப்பிளின் பழக்கம் மட்டும் இல்லை. ராமை ஒட்டி வைக்கும் மற்றக் கொம்பனிகளும் அதே கதவைத்தான் பூட்டுகிறார்கள்.

குறைந்த சேமிப்பிடத்தில் வேறொரு பொறியும் இருக்கிறது. 2022இல் வந்த எம்2 எயாரின் 256 ஜீபி வகையில் ஒரேயொரு நினைவகச் சிப்தான் இருந்தது. முந்தின எம்1இல் ரெண்டு இருந்தன. ரெண்டு சிப்பில் ஒரே நேரத்தில் வாசிக்கலாம், ஒன்றில் முடியாது. அதனால் புது மெஷினின் எஸ்எஸ்டி பழையதைவிட மெதுவாக ஓடியது. எம்3இல் திரும்பவும் ரெண்டு சிப்புக்கு வந்தார்கள். எயார் வரிசையில் அதுவரை இல்லாத மெல்லிசாக, 11.3 மில்லிமீற்றரில் வந்தது அந்த எம்2தான்.

இனி எங்கட ரூபாவுக்கு வருவோம். 999 டொலர் என்பது டொலர் 200 ரூபாவாக இருந்தபோது ரெண்டு இலட்சம். 2022 மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது அதே சாமான் மூன்று இலட்சத்து அறுபதாயிரம். 300 என்று வைத்தால் மூன்று இலட்சம். இது வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர்க்காத கணக்கு. 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம். கூடுதல் 256 ஜீபிக்கான அந்த 200 டொலர் எங்களுக்கு 60,000 ரூபா. மாதம் 5,000 ரூபா மஹாபொல என்று இருந்த காலத்துக் கணக்கில் பார்த்தால் பன்னிரண்டு மாதத்து உதவித்தொகை முழுக்க.

ஆகவே விலையை வருடத்தால் பிரித்துப் பாருங்கள் என்கிறோம். ஒரு கணக்குக்கு, மூன்று இலட்சம் கொடுத்த மெல்லிய லப்டொப் மூன்றாம் வருடம் இடம் நிரம்பி, பற்றரி களைத்து, விற்கிற நிலைக்கு வந்தால் வருடத்துக்கு ஓர் இலட்சம். ரெண்டு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு எடுத்த கொஞ்சம் மொத்தமான லப்டொப்புக்கு இடையில் ஒரு நாற்பதாயிரம் செலவழித்து எஸ்எஸ்டியும் பற்றரியும் மாற்றி ஆறு வருடம் ஓட்டினால், வருடத்துக்கு 47,000கூட வராது. கடைச் சீட்டில் இந்தக் கணக்கு இருக்காது. நாங்கள்தான் போட வேணும்.

உறுதி என்பது மொத்தம் இல்லை

மொத்தமான லப்டொப் எல்லாம் உறுதி, மெல்லியது எல்லாம் உடையும் என்பது பிழை. மலிவான பிளாஸ்டிக் லப்டொப்பின் பிணைச்சல் ரெண்டு வருடத்தில் கையோடு வந்ததைக் கண்டிருக்கிறோம். நல்ல அலுமினிய உடம்போடு வரும் மெல்லிய லப்டொப் அதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் மெல்லிசுக்கென்றே சில வருத்தங்கள் இருக்கின்றன. 2015இல் அப்பிள் 13.1 மில்லிமீற்றரில் ஒரு மக்புக் விட்டது. அவ்வளவு மெல்லிசுக்குள் அடங்க வேணும் என்பதற்காகக் கீபோர்டுக்குப் "பட்டர்ஃபிளை" என்ற புது அமைப்பு. ஒரு சின்னத் தூசி போனாலே எழுத்து விழாது, அல்லது ரெண்டு தரம் விழும். 2018இல் இலவசமாகத் திருத்தித் தரும் திட்டம் அறிவித்தார்கள். 2022இல் வழக்கை முடிக்க 50 மில்லியன் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் பழைய அமைப்புக்கே திரும்பிவிட்டார்கள். அந்தக் கீபோர்டை மட்டும் தனியாக மாற்றவும் முடியாது. மேல்மூடி, ஒட்டிய பற்றரி எல்லாம் சேர்த்துத்தான் மாற்ற வேணும். தெருப்புழுதியில் வாழ்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

ஸ்கிரீனுக்கும் கீபோர்டுக்கும் இடையில் இப்போது காற்றுப் போகிற இடம்கூட இல்லை. கமெராவை மறைக்க ஒட்டும் சின்ன மூடியோடு லப்டொப்பை மூடினால் ஸ்கிரீன் வெடிக்கலாம் என்று 2020இல் அப்பிளே எச்சரித்தது. சூடும் இன்னொரு பிரச்சினை. மக்புக் எயாரைப் பாவிக்கக்கூடிய வெப்பநிலை 10 முதல் 35 பாகை வரை என்று அவர்களின் விவரத்தாளில் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து படிக்கிற பிள்ளைக்கு இந்த எல்லை எப்போதோ தாண்டிவிடும். உள்ளே காற்றாடி இல்லாத மெஷின், சூடு ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பற்றரியின் ஆயுளும் சூட்டில்தான் கரைகிறது.

"அமெரிக்க இராணுவத் தரம்" என்று பெட்டியில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். எம்ஐஎல்-எஸ்டீடி-810 என்பது பல சோதனைகளின் தொகுப்பு. எந்தச் சோதனையைச் செய்வது என்று கொம்பனி தானே தெரிவு செய்யும். இராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

எங்களைப் பொறுத்தவரை உறுதி என்றால் விழுந்தால் உடையாமல் இருப்பது மட்டும் இல்லை. உடைந்த பிறகு எங்கட ஊரிலேயே திருத்தலாமா என்பதுதான் பெரிய கேள்வி.

எங்கட கூட்டில் இருக்கும் ஒரு தோழி இறுதி வருட ஆய்வுக்காக 1995 இடம்பெயர்வைப் பற்றி ஊரில் வயதானவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தாள். மெல்லிய, அழகான லப்டொப். இடம் காணாமல் போனில் இருந்ததை அழித்து அழித்து அதற்குள் போட்டாள். எக்ஸ்டேர்னல் டிஸ்க் அடுத்த மாதம் வாங்கலாம் என்றிருந்தாள். ஒரு நாள் பைக்குள் தண்ணீர்ப் போத்தல் கசிந்தது. திருத்துகிற இடத்தில் சொன்ன பதில் இன்றைக்கும் எங்களுக்கு ஞாபகம். "பழைய மெஷின் எண்டா டிஸ்கைக் கழட்டி வேறொண்டில போட்டு எடுத்துத் தந்திருப்பன். இதில கழட்ட ஒண்டுமில்லைத் தங்கச்சி." மதர்போட் செத்தால் சேமிப்பிடமும் சேர்ந்தே சாகிறது. பதிவு செய்தவர்களில் ரெண்டு பேர் இப்போது இல்லை. லப்டொப்பை எப்படியும் திரும்ப வாங்கலாம்.

பேக்கப் எடுக்காதது அவளின் பிழைதான், அவளே அதைச் சொல்வாள். ஆனால் ஒரு பிழை செய்தால் திரும்ப வர ஒரு வழியாவது இருக்கிற பொருளுக்கும், வழியே இல்லாத பொருளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. விலைச் சீட்டில் அந்த வித்தியாசம் எழுதப்படுவதில்லை.

மறுபக்கமும் உண்மைதான்

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு கிலோ வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. வாடகை அறைக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையில் நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறவர்கள் பாரத்தைப் பார்ப்பது ஆடம்பரம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, பற்றரி நீடிக்கும் லப்டொப் வைத்திருந்தவர்கள்தான் ஒன்லைன் பரீட்சையும் வேலையும் செய்தார்கள். 2020இன் எம்1 எயார் அதில் கெட்டி. ஐந்து வருடம் தாண்டியும் நன்றாக ஓடுவதை எங்களுக்குள்ளேயே காண்கிறோம். செகண்ட் ஹாண்டில் விற்றாலும் நல்ல விலை போகும்.

ஆகவே பிரச்சினை மெல்லிசில் இல்லை. மெல்லிசு என்றால் ஒட்டித்தான் வைக்க வேணும் என்று எங்களை நம்ப வைத்ததில்தான் இருக்கிறது. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மெல்லியதுதான், ராம் ஒட்டியிருந்தாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாம். 2021இல் வந்த ஃபிரேம்வேர்க் லப்டொப் 1.3 கிலோ, 16 மில்லிமீற்றருக்கும் குறைவு. ராம், எஸ்எஸ்டி, பற்றரி, கீபோர்ட், ஸ்கிரீன் எல்லாவற்றையும் வீட்டில் இருந்தே மாற்றலாம். எங்கட கடைகளில் அது காணக்கிடைக்காது, ஆனால் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரியில் இருந்து, கையடக்கச் சாதனங்களின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேணும் என்று சட்டம் போட்டிருக்கிறது. அந்தச் சட்டம் எங்களுக்காகப் போட்டது இல்லை. எங்களிடம் இருப்பது கடையில் நின்று கேட்கும் கேள்விதான்.

அப்ப என்ன கேட்கிறது?

முதலாவது, "எஸ்எஸ்டியைக் கழட்டலாமோ, ஒட்டியிருக்கோ?" கழற்றலாம் என்றால் 256இலேயே எடுங்கள், பிறகு காசு வரும்போது கூட்டலாம். ஒட்டியிருக்கு என்றால் 512இற்குக் குறைய எடுக்க வேண்டாம். அதற்குக் காசு காணாவிட்டால் அந்த லப்டொப் எங்கட விலைக்குள் இல்லை என்று அர்த்தம். எழுத்து வேலை மட்டும் செய்கிறவர் விதிவிலக்கு.

ரெண்டாவது, "வரண்டி ஏஜென்டுடையதோ, கடையுடையதோ?" கடை வரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும்வரைதான்.

மூன்றாவது, "பற்றரி மாத்த எவ்வளவு, இங்கயே மாத்தலாமோ, கொழும்புக்கு அனுப்ப வேணுமோ?"

நாலாவது கேள்வி எங்களுக்கு நாங்களே கேட்க வேண்டியது. விலையோடு ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்கின் விலையையும் சேர்த்துத்தான் பார்த்தோமா? அடுத்த மாதம் வாங்கலாம் என்று விடாதீர்கள். லப்டொப் வாங்கிற அன்றைக்கே வாங்குங்கள்.

செகண்ட் ஹாண்ட் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இற்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேணும். 2018இன் திங்க்பேட் டீ480 போன்றவை அந்த எல்லைக்குள் வருகின்றன. வடிவில்லை, மொத்தம், ஆனால் ராமுக்கு ரெண்டு இடம், எஸ்எஸ்டி மாற்றலாம், வெளிப் பற்றரியைத் திருகாணி இல்லாமலே கழற்றலாம். அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வருகிற தோழரை நாங்கள் "செங்கல்லு" என்று பகிடி பண்ணுவோம். கூட்டத்தில் யாருக்காவது பைல் வைக்க இடம் இல்லை என்றால் எல்லாரும் அந்தச் செங்கல்லைத்தான் தேடுகிறோம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது லப்டொப்பைத் தூக்கிப் பாருங்கள், அதில் பிழையில்லை. தூக்கிப் பார்த்துவிட்டு ஒருக்கால் கவிழ்த்தும் பாருங்கள். அடியில் எத்தனை திருகாணி இருக்கிறது, அதைக் கழற்றினால் உள்ளே எங்களுக்கு மாற்ற ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரத் தம்பி ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே சொல்லத் தொடங்குவார்.